சென்டரில் கார்டு வாட்டிய நாள்

போன மாதம் கோயமுத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது ரேவதி. குன்னூர் ஆபீசில் நான் ஓய்வு பெறக் கொஞ்சக் காலம் முன்னால் வந்து சேர்ந்து, "அக்கா இது ஏன், அது எதுக்கு" என்று என் உயிரை வாங்கிய பெண். இப்போது அங்கே மேனேஜர். கழுத்தில் தொங்கும் அட்டையில் அவள் பேரைவிடப் பதவி நீளமாக இருக்கிறது.

உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. நீச்சல் குளம், டேபிள் டென்னிஸ், உடம்பைத் தேற்றுகிற கூடம், மூட்டை மாதிரி ஒரு நாற்காலி. அதில் விழுந்தால் ரெண்டு பேர் வந்து தூக்கிவிட வேண்டும். இவ்வளவு இருந்தும் ஒருத்தரும் விளையாடக் காணோம். விளையாட்டு இடங்களை ஓட்டமும் நடையுமாகக் கடந்து எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு கேமரா முகத்தைப் பார்த்து வருகை போட்டுக் கதவைத் திறக்கிறது.

"இதுதான் பெரட்டு," என்றேன்.

"அப்படின்னா?" என்றாள் ரேவதி.

"சிலோன் தோட்டத்துல விடியக்காலம் ஆள் எண்ணுறதுக்கு அந்தப் பேரு. அங்க கங்காணி பேர் சொல்லிக் கத்துவாரு. உங்க கங்காணிக்குத் தொண்டை இல்ல, அவ்வளவுதான்."

கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான்: "மேடம், நாங்க எவ்வளவு வேலை செஞ்சோம்னு ஒரு சாஃப்ட்வேர் அளக்குது. உங்க காலத்துல எப்படி அளந்தாங்க?"

"தராசுல," என்றேன்.

சிரித்தார்கள். பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்திருந்தது பத்து நிமிஷம். அதில் பாதி பூச்செண்டு கொடுப்பதிலும் போட்டோ பிடிப்பதிலும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். தராசு, நிஜத் தராசு. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு.

நான் பிறந்தது சிலோனில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் கணக்கும் நன்றாக வந்தது. படிப்பு முடிகிற சமயம் ரெண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசியதில் நாங்கள் இந்தியாக்காரர்கள் என்று முடிவாகிவிட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரியில் சேரம்பாடித் தோட்டம். "இந்தியாவுல படிச்ச புள்ளைக்கு ஆபீஸ் உத்தியோகந்தான்" என்று கப்பலில் ஒரு மாமா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். சேரம்பாடியில் எனக்குக் கிடைத்தது கூடை. கடலைத் தாண்டி வந்து பார்த்தால் அதே செடி, அதே மழை, அதே லயம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

"ஒன்னைய படிக்க வெச்சது இந்தக் கூடைக்கா?" என்று தினமும் தேத்தண்ணி ஊற்றும்போது கேட்பார். நானா பதில் சொல்ல முடியும்? ரெண்டு சர்க்காரும்தான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் சென்டர் வந்தது. குன்னூரிலிருந்து கட்டபெட்டு போகிற ரோட்டில், ஒரு மொட்டை மேட்டை மட்டம் தட்டி, ஐந்து தேயிலைக் கம்பெனிகள் கூட்டாகக் கட்டியது. ஐந்து கம்பெனி ஆபீசும் ஒரே இடத்தில். நடுவில் சம்பளக் கணக்குப் போடும் மெஷின், நீலகிரியிலேயே முதல் மெஷின் என்று பெருமை. மெஷின் கார்டில் போட்ட துளைகளைப் படித்துக் கூட்டிக் கழித்துக் காகிதத்தில் அடித்துக் கொடுக்கும். அந்தத் துளை போட இங்கிலீஷ் எண்ணும் எழுத்தும் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று சேரம்பாடி வரைக்கும் ஆள் அனுப்பினார்கள். சிலோன் பெண்கள் இங்கிலீஷ் படிப்பார்கள், குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள், சங்கம் கிங்கம் தெரியாது என்று அவர்கள் கணக்கு. முதல் இரண்டும் சரிதான்.

ஆறு பேரை எடுத்தார்கள். மெட்ராஸில் மூன்று மாதம் பயிற்சி. வெயில், வேர்வை, துளை. வேறொன்றும் நினைவில்லை. ஆனால் மெஷின் முன்னால் முதல் நாள் உட்கார்ந்து ஒரு சாவியைத் தட்டி, 'டக்' என்று கார்டில் ஜன்னல் மாதிரி ஒரு சின்னத் துளை விழுந்ததைப் பார்த்தபோது, இனி செத்தாலும் கூடையைத் தொடுவதில்லை என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் சென்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டியவர்கள் பம்பாயில் எதையோ பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆகவே ஒரு நீச்சல் குளம். அந்தக் குளிரில் அதில் இறங்கிய ஒரே ஜீவன் ஒரு தவளை. பிற்பாடு அதுவும் மனம் மாறி வெளியேறிவிட்டது. பேட்மின்டன் களம் ஒன்று. மேகம் ரோட்டில் நடந்து போகிற ஊரில் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று காதை வைத்துத்தான் ஆட வேண்டும். ஒரு பார். சுவரில் காட்டெருமைத் தலை. அதை அடுத்து பில்லியர்ட்ஸ் அறை. அதுதான் சென்டரின் கர்ப்பகிருகம். கல் பலகை மேல் பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை. ஈரம் பட்டால் துணி கெடும், பந்து நேராக ஓடாது என்று மேஜைக்கு அடியில் சூடு காட்டும் மெஷின் வைத்திருந்தார்கள். பகலும் ராவும் அது ஓடும்.

அந்தச் சூட்டு மெஷின் நியாயமாகப் பார்த்தால் எங்கள் கார்டு மெஷின் கூடத்துக்கு வந்தது. வந்த பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது. எலக்ட்ரீசியன் பழனிச்சாமி அண்ணன் காரமடைக்காரர், அவர்தான் அதைப் பொருத்தினார்.

"ஏனுங்க அம்மிணி, நானும் கேட்டுப் பார்த்தனுங்க. அந்த மேஜைக்குச் சளி புடிக்கக் கூடாதாமா. நமக்குப் புடிச்சாப் பரவால்லீங்களாமா," என்றார்.

சொன்னவர் எங்கள் துரை. பெயர் ஞானதுரை. நாற்பது வருஷம் தோட்டம் நடத்தியவர். வழக்கப்படி நாங்கள் 'துரை' சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் ஞானதுரை துரை ஆனார். முழங்கால் வரை சாக்ஸ், கையில் தடி, பின்னால் காது தொங்கிய ஒரு நாய். கார்டு மெஷினை நிர்வகிக்க ஐந்து கம்பெனியும் தேடித் தேடி அவரைப் பிடித்தது. ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றே ஒன்று. தோட்டத்தை எப்படி நடத்துவதோ அப்படித்தான் உலகத்தையும்.

ஆகவே பெரட்டு. பேட்மின்டன் களத்தில் பனிக்குள் ஆறு பெண்களும் வரிசையாக நிற்க வேண்டும். மெட்ராஸிலிருந்து மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்த என்ஜினீயர் ராகவன் சாரும் நிற்க வேண்டும். அவர் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாகக் கடைசியில் நின்று நடுங்குவார். அவர் முகத்தை நாங்கள் சித்திரை மாதத்தில்தான் பார்த்தோம்.

"புஷ்பராணி."

"வந்தேன் தொரை."

"செல்வமணி."

"பனியில தெரியுதுங்களா தொரை? இங்கதான் நிக்கிறேன்."

செல்வமணியக்கா சிலோனில் பொகவந்தலாவைக்காரி. எங்களில் மூத்தவள். வாயை மூடிக்கொண்டு அவள் இருந்தது தூங்கும்போது மட்டும்தான். நான் துளை போட்ட கார்டை அவள் சரிபார்ப்பாள். சரிபார்ப்பது என்றால் கண்ணால் அல்ல. நான் தட்டிய அதே எண்களை அவள் இன்னொரு மெஷினில் மறுபடி தட்டுவாள். ரெண்டும் ஒத்துப்போனால் கார்டின் ஓரத்தில் மெஷின் ஒரு சின்ன வெட்டு வெட்டிவிடும். ஒத்துப்போகாவிட்டால் தப்பு இருக்கும் இடத்துக்கு மேலே வெட்டும், சாவி பூட்டிக்கொள்ளும். "புஷ்பம், மூணை எட்டாக்கிட்டே. ஆளுக்குச் சம்பளத்த அள்ளிக் குடுக்கிற, ஒங்க அப்பன் ஊட்டுத் தோட்டமா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள்.

ஒரு தோட்டத்துக் கார்டுகள் முடிந்ததும் கட்டாக அடுக்கி, மேல் விளிம்பில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சாய்வாக ஒரு கலர்ப் பென்சில் கோடு இழுப்போம். தோட்டத்துக்கு ஒரு கலர். கட்டு கலைந்தால் ஒவ்வொரு கார்டின் விளிம்பிலும் அந்தக் கோட்டின் ஒரு புள்ளி இருக்கும். கோடு மறுபடி நேராகச் சேரும்படி அடுக்கினால் வரிசை சரியாகிவிடும். மெட்ராஸில் கற்றதில் உருப்படியானது அது ஒன்று.

சாயங்காலம் தராசு. மெஷின் கூடத்து வராந்தா உத்தரத்தில் கொழுந்துத் தராசை மாட்டியிருந்தார் துரை. எங்கள் அன்றைய கார்டுகளை ஒவ்வொருவராகக் கொண்டுபோய்த் தொங்கவிட வேண்டும். குறிப்பிட்ட எடைக்குக் குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதி நாள்தான் வந்ததாகக் கணக்கு. ராகவன் சார் முதல் நாளே மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தார்: "சார், துளை போடப் போட எடை குறையும் சார். நிறைய வேலை செஞ்ச கார்டு லேசா இருக்கும்."

துரை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ராகவன், நாப்பது வருஷம் எடை போட்டிருக்கேன். நிறைய வேலை செஞ்சது லேசா இருந்து நான் பார்த்ததில்லை."

"அப்ப வெறுங்கார்டையே குடுத்திடுறோம் தொரை," என்றாள் செல்வமணியக்கா. "கனமா இருக்கும். கையும் வலிக்காது."

"ஏ பொண்ணு, வாயை எடை போட்டா ஒனக்கு ரெட்டைப் பேர் போடலாம்," என்றார் துரை. பாதகமில்லாத பதில். அவரும் சிரித்தார்.

மழை நாளில் இன்னும் விசேஷம். மலைக் காற்றில் கார்டு ஈரத்தை உறிஞ்சும். எடை கூடும். நாங்கள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டால், துரை கார்டை முகர்ந்து பார்த்து, "ஈரக் கொழுந்து" என்று சொல்லித் தண்ணீர்க் கழிவு பிடித்துவிடுவார். நாற்பது வருஷ அனுபவம் சும்மாவா.

இப்படியே சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஐப்பசி மழையில் வந்தது வினை. தீபாவளி போனஸ் கணக்கை மெஷினே போட வேண்டும், அதை நேரில் பார்க்கக் கல்கத்தாவிலிருந்து சேர்மன் வருகிறார் என்று செய்தி. பெரட்டில் துரை தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"நீங்க ஆறு பேரும் இன்னும் தற்காலிகம். சேர்மன் முன்னால மெஷின் ஓடினா நிரந்தரம். ஓடலன்னா இந்தச் செலவு எதுக்குன்னு அவர் கேப்பார். மெஷினைத் திருப்பி அனுப்புவார். உங்களைச் சேரம்பாடிக்கு அனுப்புவார். மெஷினுக்கு மெட்ராஸ், உங்களுக்குக் கூடை. புரிஞ்சுதா?"

புரிந்தது. 

மெஷின் ஓடவில்லை. நாலு நாள் அடைமழையில் கார்டுகள் உப்பி, ஓரம் தடித்து, படிக்கும் வாயில் ரெண்டு மூன்றாகச் சேர்ந்து சிக்கிக்கொண்டன. ஒவ்வொரு முறையும் ராகவன் சார் மூடியைக் கழற்றி, கந்தலானதைப் பிடுங்கி எடுப்பார். நாங்கள் அதே கார்டை மறுபடி தட்டுவோம். அதுவும் சிக்கும். சேர்மன் வர ஒரு நாள் இருந்தது. ராகவன் சார் குல்லாவைக் கழற்றிவிட்டுத் துரை முன்னால் போய் நின்றார். அவர் காதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார், அந்த ஹீட்டரை மெஷின் கூடத்துக்குக் கொடுங்க. ஒரு நாள் போதும்."

"சேர்மன் பில்லியர்ட்ஸ் ஆடுவார். மேஜை குளிர்ந்தா யார் பதில் சொல்றது?"

"கார்டுல ஈரம் சார். ஈரம் போகணும். சூடான காத்துல காய வெச்சாத்தான்..."

துரையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வந்த நாள் முதல் இந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை விளங்காமல் தடியை ஊன்றிக்கொண்டு நின்ற மனுஷனுக்கு, கடைசியில் ஒரு வார்த்தை விளங்கிவிட்டது.

"வாட்டணும்," என்றார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே, ராகவன்."

தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து வந்ததும் முதல் வேலை வாட்டுவது, அடுத்தது உருட்டுவது. நீளமான தொட்டியில் வலை விரித்து, அதன்மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் சூட்டுக் காற்றை ஊதுவார்கள். ஈரம் இறங்கி இலை துவளும். சென்டருக்குக் கீழே அரை மைலில் அப்படி ஒரு தொழிற்சாலை இருந்தது. கார்டு முழுவதையும் அங்கே கொண்டுபோய் வாட்டச் சொல்லி உத்தரவு போட்டார்.

"தொரை," என்றாள் செல்வமணியக்கா. முதல் தடவையாக அவள் குரலில் விளையாட்டு இல்லை. "இது கொழுந்து இல்லைங்க. இதுக்கு வரிசை இருக்கு."

"கொழுந்துக்கும்தான் வரிசை இருக்கு. ரெண்டு இலை, ஒரு மொட்டு. மெல்லிசாப் பரப்பு. அள்ளிக் கொட்டாதே, கசங்கிரும்."

கொழுந்துச் சாக்குகளில் கட்டி, லாரியில் ஏற்றி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிப் போனோம். கலர் வாரியாகத் தொட்டி தொட்டியாகப் பரப்பினோம். அங்கே வேலை செய்த பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "என்னாக்கா இது, அப்பளமா?" என்றாள் ஒருத்தி. "ஆமா. சேர்மனுக்கு விருந்து," என்றாள் செல்வமணியக்கா.

துரை தடியை உயர்த்தினார். விசிறி ஓடியது.

கொழுந்துக்குப் பாரம் இருக்கிறது, தொட்டியில் கிடக்கும். கார்டுக்கு என்ன இருக்கிறது? ஐந்து கம்பெனியின் தீபாவளியும் ஒரே மூச்சில் கூரைக்குப் போனது. கொக்குக் கூட்டம் கிளம்பின மாதிரி. உத்தரத்தில் முட்டி, திரும்பி, கொழுந்து உருட்டும் மெஷின் மேலேயும், ஜன்னல் வழியாக மழையிலேயும், துரையின் தொப்பியிலேயும் இறங்கின. துரையின் நாய் ஒரு கார்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. விசிறியை நிறுத்தப் போன ராகவன் சார் கார்டில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். தொட்டியில் தப்பிக் கிடந்தவையோ சூட்டில் ஓரம் சுருண்டு படகு படகாக நின்றன. தொழிற்சாலையின் டீமேக்கர் ஒரு கார்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்து, மரியாதைக்கு, "வாட்டம் நல்லா வந்திருக்குங்க தொரை," என்றார்.

துரை தொப்பியிலிருந்து கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எப்படி உருட்டுறது?" என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அழுவதற்கு நேரமில்லை. ஆறு பேரும் முட்டி போட்டுப் பொறுக்கினோம். கொழுந்துக்காரப் பெண்களும் கூடவே குனிந்தார்கள். அவர்கள் விரல் வேகம் அப்படி, எங்களுக்கு முன்னால் பொறுக்கி முடித்தார்கள். நாய் கொண்டுபோனதையும், மழையில் நனைந்ததையும், கிழிந்ததையும் மறுபடி தட்ட வேண்டும். மீதியைக் கலர் பார்த்துப் பிரித்து, கோட்டின் புள்ளியைப் பார்த்து அடுக்கிவிடலாம். ஆனால் சுருண்ட கார்டை என்ன செய்வது? தட்டையான, காய்ந்த, இளஞ்சூடான ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் கட்டபெட்டிலிருந்து குன்னூர் வரைக்கும் ஒன்றுதான்.

பில்லியர்ட்ஸ் அறைக்குள் பெண்கள் போகக் கூடாது. வாசலில் ஒரு பித்தளைப் பலகையே உண்டு. செல்வமணியக்கா ஒரு கார்டுக் கட்டைச் சுமந்துகொண்டு நேரே அங்கே போனாள். கதவில் சாவியோடு பழனிச்சாமி அண்ணன்.

"ஏனுங்க அம்மிணி, பலகையப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் அண்ணே. பித்தளை. நல்லா மினுக்கி வெச்சிருக்கீங்க."

அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "எனக்கு பீஸ் போட வேண்டிய வேலை ஒண்ணு இருக்குதுங்க," என்று சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பச்சைத் துணி மேல் கார்டுகளைச் சின்னச் சின்னக் கட்டாகப் பரப்பினோம். கல்லின் சூடு கைக்கு இதமாக ஏறியது. அந்த மலைக்கு வந்த பிறகு என் விரல்கள் முதல்முறையாக விறைப்பு விட்டன. ஒவ்வொரு கட்டின் மேலும் பலகை, பலகை மேல் பாரம். பாரத்துக்கு என்ன கிடைத்தது தெரியுமா? தராசின் இரும்புக் கற்கள். "இத்தனை நாள் நம்ம கழுத்தை அறுத்துச்சு. இன்னிக்கி ஒரு நாளாச்சும் ஒழைக்கட்டும்," என்றாள் செல்வமணியக்கா. நான் ஒரு மூலையில் நின்று கோடு சேர்த்து அடுக்கினேன். சிவப்புக் கோடு, நீலக் கோடு, பச்சைக் கோடு. ஒரு புள்ளி இடறினால் ஒருத்தரின் போனஸ் இன்னொருத்தருக்குப் போகும். அதைவிட, நான் கூடைக்குப் போவேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் கார்ச் சத்தம். மலை ரோட்டில் மண் சரியும் என்று பயந்து சேர்மன் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். கனமான மனிதர், மெல்ல நடந்தார். பின்னால் துரை. பில்லியர்ட்ஸ் அறையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பெருமையாகக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஆறு பெண்கள், மேஜை நிறைய கார்டு, இரும்புக் கல்.

"ஞானதுரை, இது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார் சேர்மன்.

துரை எங்களைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். எங்களைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த இடத்தில் நான் இருந்தால் கொடுத்திருப்பேன்.

"டேட்டா பிராசசிங், சார்," என்றார்.

சேர்மன் சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துளை வழியாக என்னைப் பார்த்தார். சூடான மேஜையைத் தொட்டுப் பார்த்தார். "ஒரே செலவில் ரெண்டு காரியம். நல்ல சிக்கனம். யாருடைய யோசனை?"

"தோட்டத்து அனுபவம், சார்."

"அனுபவம் பறந்துச்சு, நாங்க பொறுக்கினோம்," என்று செல்வமணியக்கா தமிழில் முணுமுணுத்தாள்.

"மேஜையைச் சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடுகிறோம் சார், நீங்கள் ஆடலாம்," என்றார் துரை.

"நானா? எனக்கு இடுப்பு பிடித்துப் பல வருஷம் ஆகிறது. குனியவே முடியாது," என்றார் சேர்மன். "சாப்பாடு எங்கே?"

ராகவன் சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று குல்லாவால் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கார்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பளியில் சுற்றி, பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மேஜையிலிருந்து மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறுவதற்குள் வாயில் கொடுக்க வேண்டும். மெஷின் ஓடியது. காகிதம் அடுக்கடுக்காக வெளியே மடிந்து விழுந்தது. நடுவில் ஒரே ஒரு முறை நின்றது. ராகவன் சார் மூடியைத் திறந்து கையை விட்டு எடுத்தார்: ஒரு தேயிலை, நன்றாக வாடியது. சேர்மன் அதைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மெஷினைவிட அவருக்கு அதுதான் பிடித்திருந்தது.

சொன்ன வாக்குப்படி நிரந்தர உத்தரவு வந்தது. பிரித்துப் படித்தேன். புஷ்பராணி, நிரந்தரம், பதவி: கொழுந்து பறிப்பவர், முதல் தரம். மெஷின் பிரிவில் பணி.

துரையிடம் ஓடினேன். "தொரை, இது தப்பா வந்திருக்கு."

"சரியாத்தான் இருக்கு. நிரந்தரத்துக்குக் கம்பெனியில இருக்கிற போஸ்ட்டு பறிக்கிறது, செடியக் கவ்வாத்து வெட்டுறது, காவக்காரன், புள்ளைக்காம்பராவுல கொழந்தை பாக்குற ஆயா. நீ என்ன, கவ்வாத்து வெட்டுறியா?"

"நான் மெஷின் ஆப்பரேட்டர், தொரை."

"அந்த வேலைக்கு நிரந்தரமே கிடையாது. ராகவனுக்கே கிடையாது." நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஏ பொண்ணு, மெஷின் போயிரும். கொழுந்து போகாது."

அம்மாவிடம் சொன்னபோது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப ஒக்காந்துக்கிட்டுப் பறிக்கிற," என்றார். "பரவால்ல. அட்டைக்கடி இல்ல."

வருஷா வருஷம் பதவிக்கு உரியது தவறாமல் வந்தது: மழைக்கு ஒரு கம்பளி, முதுகுக்கு ஒரு கூடை. கம்பளிகளை மெஷின் கூடத்து ஜன்னல்களில் தொங்கவிட்டோம். கூடைகளில் பாழான கார்டைப் போட்டோம். மழை வந்தால் தொழிற்சாலைத் தொட்டியில் வாட்ட வேண்டும் என்று துரை பிற்பாடு போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு மழைக்கும் கார்டை வாட்டியதாக எழுதி அனுப்பினோம். வாட்டியது பில்லியர்ட்ஸ் மேஜையில். எழுதியது தொட்டியில்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ரெண்டு கம்பெனி கை மாறியது. மீதி மூன்றுக்கும் சென்டர் வேண்டாததாகிவிட்டது. ஒரு காலையில் ஆபீசர்கள், குமாஸ்தாக்கள், ராகவன் சார், பாரில் கோப்பை துடைத்தவர் எல்லாருக்கும் கைக்கு ஒரு கவர். எங்கள் ஆறு பேருக்கும் கவர் கொண்டுவந்த ஆள் பட்டியலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். நாங்கள் ஊழியரே இல்லை. தோட்டத் தொழிலாளர், நிரந்தரம். எங்களைத் தொட்டால் தோட்டச் சட்டம் வரும், சங்கம் வரும். ஆமாம், சங்கம். அதற்குள் அதிலும் சேர்ந்திருந்தோம், செல்வமணியக்கா கிளைத் தலைவி. வேறு வழியில்லாமல் எங்களையும் வேலையையும் குன்னூர் ஆபீசுக்கு மாற்றினார்கள். கார்டு போனது, பெரிய கம்ப்யூட்டர் வந்தது, சின்னது வந்தது. ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நானே பிற்பாடு ஆட்களைப் பயிற்றினேன். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கொழுந்து பறிப்பவர், முதல் தரம்.

சென்டர் மூடிய பிறகு ஒரு நாள் குன்னூர் மார்க்கெட்டில் ஞானதுரை துரையைப் பார்த்தேன். வேறு நாய், அதே சாக்ஸ். கேட்டே விட்டேன்: "எங்களைப் பறிக்கிறவங்கன்னு போட்டீங்களே தொரை, தெரிஞ்சுதானே போட்டீங்க?"

"என்னத்தப் போட்டேன்?" என்றார். நிஜமாகவே நினைவில்லை. என்னை மட்டும் அடையாளம் தெரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கார்டை இப்பவும் வாட்டுறாங்களா?"

அப்போது கார்டே கிடையாது. "வாட்டுறோம் தொரை," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு தக்காளி வாங்கப் போனார்.

இந்தக் கதையைத்தான் அன்றைக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடத்து நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது ரேவதிக்குச் சொன்னேன். வழக்கமாக எல்லாரும் கார்டு பறக்கிற இடத்தில் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

"போன வாரம் எங்க மாடியில பாதிப் பேருக்கு வேலை போயிருச்சு அக்கா," என்றாள். "யாரும் கூப்பிட்டுச் சொல்லல. காலையில வந்து கேமரா முன்னாடி நின்னாங்க. கதவு திறக்கல. அப்படித்தான் தெரிஞ்சுது." கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டாள். "தினமும் அது முன்னாடி நிக்கிறப்போ கண்ணை மூடிக்கிறேன். மூடினா அதுக்கு அடையாளம் தெரியாது. மறுபடி திறக்கிறேன்."

 "வீட்டுல கூடை நிறைய கிடக்கு. ஒண்ணு தரட்டுமா?" என்றேன்.

இதற்காவது சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"பெருசாப் பார்த்துக் குடுங்க அக்கா," என்றாள்.